மூட்டுவலிக்குப் போரான்: ஒரு கரண்டிக்கும் ஒரு டம்ளருக்கும் இடையே

கேள்வி: 9 ஜனவரி

எனக்கு வயது 61. இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வெண்காரத்தைக் கரைத்துத் தினமும் குடித்தால் மூன்று மாதத்தில் மூட்டுவலி போய்விடும் என்று ஒரு காணொளியில் கேட்டேன். அதிலுள்ள போரான் என்னும் சத்து நம் உணவில் குறைந்துபோனதுதான் மூட்டு நோய்களுக்கெல்லாம் காரணமாம். வெண்காரம் உப்பைவிட நச்சு குறைந்தது என்றும் அதில் சொல்கிறார்கள். எடுத்துப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? சலவைக்கு வாங்கிய பொட்டலம் ஒன்று வீட்டிலேயே இருக்கிறது.

9 ஜனவரி, இரவு

அந்தப் பொட்டலத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். போரான் மாத்திரையை நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன், வெண்காரத்தைக் குடிக்கவில்லை. இரண்டும் ஒன்றா வேறா என்பதை நாளை எழுதுகிறேன்.

10 ஜனவரி

என் வலது முழங்காலுக்கு வயது 58. மற்ற உறுப்புகளைவிட அது பத்து ஆண்டு மூத்ததுபோல் நடந்துகொள்கிறது. சென்ற நவம்பரிலிருந்து நாளொன்றுக்கு 3 மில்லிகிராம் போரான் மாத்திரை எடுத்து வருகிறேன். ஒவ்வொரு நாளும் உறங்கும் முன் வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதுகிறேன். நவம்பரில் ஆறுக்குப் பக்கத்தில் இருந்த எண் இப்போது நான்கரைக்கு வந்திருக்கிறது. ஆகவே எனக்குப் போரான் மீது பகை எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேள்வியில் ஒளிந்திருக்கும் சிக்கல் அளவில்தான் இருக்கிறது. 3 மில்லிகிராம் என்பது போரான் என்னும் தனிமத்தின் எடை. வெண்காரம் என்பது சோடியம், போரான், ஆக்சிஜன், நீர் எல்லாம் சேர்ந்த உப்பு. அதில் போரானின் பங்கு 17.5 விழுக்காடு, அதாவது 1 கிராம் வெண்காரத்தில் 175 மில்லிகிராம் போரான் இருக்கிறது. நான் எடுக்கும் அளவைப்போல அது ஏறத்தாழ அறுபது மடங்கு.

கேள்வியிலுள்ள செய்முறையை மறுபடி படியுங்கள். ஒரு லிட்டரில் ஒரு தேக்கரண்டி கரைக்க வேண்டும் என்பது தெளிவாக இருக்கிறது. கரைத்ததில் எவ்வளவைக் குடிப்பது என்பது இல்லை. இதே குறிப்பின் வேறொரு வடிவத்தில், கரைசலிலிருந்து ஒரு தேக்கரண்டி மட்டும் எடுத்து வேறு நீரில் கலந்து குடிக்கச் சொல்லியிருந்ததைப் படித்திருக்கிறேன். அந்த ஒரு சொல் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டால் படிப்பவர் ஒரு டம்ளர் குடிப்பார்.

11 ஜனவரி

திருத்தம். நேற்று நான் எழுதிய 17.5 விழுக்காடு போரானின் வேறொரு சேர்மமான போரிக் அமிலத்துக்கு உரியது. வெண்காரத்துக்கு 11.3 விழுக்காடு. வேதியியல் படித்த ஒருவர் தனிமடலில் சுட்டிக்காட்டினார், அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன். அணு எடைகளை வைத்து நானே மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். வெண்காரத்தின் மூலக்கூறு எடை 381, அதில் நான்கு போரான் அணுக்களின் எடை 43. எனவே 1 கிராமில் 113 மில்லிகிராம். பத்து நீர் மூலக்கூறுகள் உள்ள வழக்கமான வெண்காரத்துக்குத்தான் இந்த எண் பொருந்தும். ஐந்து நீர் மூலக்கூறுகள் மட்டும் உள்ள வகையும் உண்டு, அதில் 14.8 விழுக்காடு. நீரே இல்லாத வகையில் 21.5. சலவைப் பொட்டலத்தில் இருப்பது எந்த வகை என்று பார்வையால் சொல்ல முடியாது.

அளவைப் பற்றி மற்றவர்களை எச்சரிக்கப் புறப்பட்டவனே முதல் நாளில் ஒன்றரை மடங்கு பிழை செய்தேன் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மேசையில் அமர்ந்து எழுதும்போதே இப்படியென்றால், சமையலறையில் கரண்டியோடு நிற்பவர் நிலை என்ன?

11 ஜனவரி, மாலை

திருத்திய எண்களோடு அந்தச் செய்முறை. ஒரு தேக்கரண்டி வெண்காரம் சுமார் 5 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டரில் கரைத்தபின் ஒரு தேக்கரண்டிக் கரைசலில் (5 மில்லிலிட்டர்) 25 மில்லிகிராம் வெண்காரம், அதாவது 2.8 மில்லிகிராம் போரான் இருக்கும். இது என் மாத்திரையின் அளவுதான். ஒரு டம்ளரில் (200 மில்லிலிட்டர்) 1 கிராம் வெண்காரம், 113 மில்லிகிராம் போரான். நாற்பது மடங்கு வேறுபாடு. முதலாமவர் வாய்ப்பான அளவில் நிற்கிறார். இரண்டாமவர் எந்த நாட்டின் உச்சவரம்பையும் தாண்டி வெகுதூரம் போய்விட்டார். இருவருமே "வெண்காரத் தண்ணீர் குடிக்கிறேன்" என்றுதான் சொல்வார்கள்.

14 ஜனவரி

உச்சவரம்பு எது என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் மருத்துவக் கழகம் 2001இல் வயது வந்தோருக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் என்று வகுத்தது. ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைக்கு 3 மில்லிகிராம். இது உணவு, நீர், மாத்திரை எல்லாம் சேர்ந்த கணக்கு. எட்ட வேண்டிய இலக்கு அன்று, தாண்டக் கூடாத எல்லை. "நாள்தோறும் இவ்வளவு தேவை" என்ற பரிந்துரையை அந்தக் கழகம் போரானுக்குத் தரவில்லை. மனிதருக்கு அது இன்றியமையாதது என்று நிறுவப்படாததே காரணம். செடிகளுக்கு இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. காதரின் வாரிங்டன் 1923இல் அவரைச் செடிகளை வைத்து அதைக் காட்டிவிட்டார். செடியின் செல் சுவரில் பெக்டின் என்னும் கூட்டுச் சர்க்கரைச் சங்கிலிகளை இணைக்கும் கொக்கியாகப் போரான் இருக்கிறது. நமக்குச் செல் சுவர் கிடையாது. "செடிக்கு உயிர், ஆகவே மனிதனுக்கும் உயிர்" என்று காணொளிகளில் வருவது அந்த இடத்தில் தாவிக் குதிக்கும் வாதம்.

19 ஜனவரி

உச்சவரம்பு பற்றி எழுதியதில் ஒரு பாதி விட்டுப்போயிற்று. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2004இல் தந்த வரம்பு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.16 மில்லிகிராம்; பெரியவருக்கு அது ஏறத்தாழ 10 மில்லிகிராம். அமெரிக்க எண்ணில் பாதி. அட்லாண்டிக் கடலைத் தாண்டினால் மனிதச் சிறுநீரகத்தின் வலிமை இரட்டிப்பாகிறதா என்று முதலில் எனக்கும் சிரிப்புத்தான் வந்தது.

தேடியபோது விடை சுவையாக இருந்தது. இரண்டு வரம்புகளும் ஒரே எலிகளிடமிருந்து வந்தவை. கருவுற்ற எலிகளுக்குப் போரிக் அமிலம் கொடுத்த ஆய்வில், நாளொன்றுக்குக் கிலோவுக்கு 13.3 மில்லிகிராம் போரான் என்ற அளவில் குட்டிகளின் எடை குறைந்தது, 9.6 மில்லிகிராமில் குறையவில்லை. அந்த 9.6ஐ அமெரிக்கர்கள் 30ஆல் வகுத்தார்கள். ஐரோப்பியர்கள் 60ஆல் வகுத்தார்கள். எலியிலிருந்து மனிதனுக்கு வரும்போதும், ஒரு மனிதரிலிருந்து இன்னொருவருக்கு வரும்போதும் எத்தனை பங்கு எச்சரிக்கை வேண்டும் என்ற முடிவில்தான் வேறுபாடு. நான் என் கணக்குக்கு 10ஐ வைத்துக்கொள்கிறேன், காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. மூட்டுவலிக்காக எல்லைக்கோட்டில் நடக்க எனக்கு விருப்பமில்லை.

22 ஜனவரி

"உப்பைவிட நச்சு குறைந்தது" என்ற வாதத்தை மேலும் ஒருவர் கொண்டுவந்திருக்கிறார். அவர் எடுத்துவைத்த எண்கள் ஏறத்தாழச் சரியானவையே. ஒரே வேளையில் கொடுத்து எலிகளில் பாதி இறக்கும் அளவு, உப்புக்குக் கிலோவுக்கு 3 கிராம் அளவிலும் வெண்காரத்துக்கு அதைவிடச் சற்று உயரத்திலும் இருக்கிறது. ஆனால் அந்த அளவுகோல் ஒரே வேளை விழுங்கலுக்கு உரியது. செத்ததா பிழைத்ததா என்பதைத் தவிர வேறெதையும் அது கேட்பதில்லை. மாதக் கணக்கில் சிறிது சிறிதாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. இரண்டு ஆண்டுகள் நாள்தோறும் கிலோவுக்கு சுமார் 58.5 மில்லிகிராம் போரானை உணவில் பெற்ற ஆண் எலிகளின் விதைகள் சுருங்கிப்போயின. அந்த எலிகள் உயிரோடுதான் இருந்தன, ஆகவே முதல் அளவுகோலின்படி அவற்றுக்கு எந்தக் குறையும் இல்லை! இத்தகைய முடிவுகளாலும், மேலே சொன்ன குட்டிகளாலும்தான் ஐரோப்பிய ஒன்றியம் போரிக் அமிலத்தை இனப்பெருக்கத்துக்குத் தீங்கு செய்யும் பொருள்களின் வரிசையில் வைத்திருக்கிறது.

எதிர்ப்பக்கத்துக்கும் நியாயம் செய்ய வேண்டும். 70 கிலோ மனிதருக்கு அந்த 58.5 மில்லிகிராம் என்பது நாளொன்றுக்கு சுமார் 4 கிராம் போரான். அதை எவரும் மாத்திரையாக எடுப்பதில்லை. போரான் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் தூசியோடு வாழும் துருக்கியத் தொழிலாளர்களை ஆராய்ந்தவர்கள் விந்தணுக்களில் பாதிப்பைக் காணவில்லை. 3 மில்லிகிராம் மாத்திரையால் மலடாவேன் என்று அஞ்சி எழுதிய தம்பி நிம்மதியாகத் தூங்கலாம். ஒரு டம்ளர்க்காரருக்கு அந்த உறுதியை நான் தர மாட்டேன்.

2 பிப்ரவரி

சான்று என்ன இருக்கிறது என்று முதலில் கேட்டவர் பொறுமையோடு மறுபடி கேட்டிருக்கிறார். மூன்று வாரமாக ஆபத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது என் தவறு.

எலும்பைப் பற்றிய பேச்சு தொடங்கியது 1987இல். அமெரிக்க வேளாண் துறையின் வடக்கு டகோட்டா ஆய்வு மையத்தில் பாரஸ்ட் நீல்சனும் உடன்பணியாற்றியவர்களும், 48 முதல் 82 வயது வரையுள்ள 12 பெண்களை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்து உணவளித்தார்கள். 119 நாட்கள் அந்த உணவில் போரான் கால் மில்லிகிராம் மட்டுமே. அதன்பின் 48 நாட்கள் கூடுதலாக 3 மில்லிகிராம். சிறுநீரில் வெளியேறும் கால்சியமும் மக்னீசியமும் குறைந்தன. இரத்தத்தில் ஈஸ்ட்ரஜன், டெஸ்டோஸ்டிரோன் இரண்டும் உயர்ந்தன. உணவில் மக்னீசியம் குறைவாக இருந்த ஏழு பெண்களிடம் இந்த மாற்றம் கூடுதலாகத் தெரிந்தது. எலும்புக்குப் போரான் என்று டப்பாக்களில் எழுதியிருப்பதற்கு மூலவேர் இந்தப் பன்னிரண்டு பெண்கள். கால்சியம் சிறுநீரில் குறைந்தது என்பது மெய். எலும்பு முறிவு குறைந்தது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, சொல்லவும் முடியாது.

முழங்காலுக்கு வருவோம். 1990இல் வெளியான ஆய்வில் மூட்டுத் தேய்மானம் உள்ள 20 பேர். பத்துப் பேருக்கு எட்டு வாரம் நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் போரான். பத்துப் பேருக்கு வெற்று மாத்திரை. போரான் எடுத்தவர்களில் ஐவர் தேறினர். வெற்று மாத்திரையில் ஒருவர். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இருபது பேரில் ஐவர் முடிவு வரை நிற்கவில்லை. ஆய்வாளர்களில் ஒருவரான ரெக்ஸ் நியூன்ஹம், போரானே மூட்டுவலிக்கு மருந்து என்று அதற்கு முன்பே நெடுங்காலம் வாதிட்டு வந்தவர். அதனால் முடிவு பொய்யாகிவிடாது. அதே முடிவை வேறொருவர் பெரிய அளவில் செய்து காட்டியிருந்தால் நான் இன்னும் எளிதில் நம்புவேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் பேச்சு அந்த இருபது பேரையே சுற்றிவருகிறது.

மண்ணில் போரான் குறைந்த நாடுகளில் மூட்டு நோய் மிகுதி என்ற கூற்றும் அதே நியூன்ஹமிடமிருந்து வந்தது. நாளொன்றுக்கு 1 மில்லிகிராமோ அதற்கும் குறைவாகவோ கிடைக்கும் இடங்களில் 20 முதல் 70 விழுக்காடு, 3 முதல் 10 மில்லிகிராம் கிடைக்கும் இடங்களில் 10 விழுக்காட்டுக்குள் என்று அவர் எழுதினார். நாடுகளுக்கிடையே மண் மட்டுமா வேறுபடுகிறது? உழைப்பு, உடற்பருமன், ஆயுள், மருத்துவர் நோயைப் பதிவு செய்யும் முறை எல்லாமே வேறுபடுகின்றன.

3 பிப்ரவரி

நேற்றைய குறிப்பைத் திரும்பப் படித்தேன். "கேட்க நன்றாக இருக்கிறது" என்று எழுதியபோதே என் குறிப்பேடு நினைவில் உறுத்தியது. அவர்களிடமாவது இருபது பேர் இருந்தார்கள். என்னிடம் ஒரே ஒரு முழங்கால்.

9 பிப்ரவரி

உடற்பயிற்சிக் கூடத்துக்குச் செல்லும் இளைஞர் ஒருவர், டெஸ்டோஸ்டிரோனுக்காக 10 மில்லிகிராம் எடுக்கலாமா என்று கேட்கிறார். அவர் பார்த்த விளம்பரத்தின் வேர் 2011இல் வந்த ஆய்வு: எட்டு ஆண்கள், ஒரு வாரம், நாளொன்றுக்குச் சுமார் 10 மில்லிகிராம். கட்டற்ற டெஸ்டோஸ்டிரோன் உயர்ந்தது, ஈஸ்ட்ரஜன் வகையான எஸ்ட்ராடையால் குறைந்தது. விளம்பரம் சொல்லாதது, அதே ஆய்வாளர் 1997இல் பதினெட்டு ஆண்களுக்கு நான்கு வாரம் 10 மில்லிகிராம் கொடுத்தபோது எஸ்ட்ராடையால் உயர்ந்தது என்பது. ஒரே பொருள், ஒரே அளவு, ஒரே ஆய்வாளர். ஒருமுறை மேலே, ஒருமுறை கீழே. 1993இல் உடற்கட்டு வீரர்கள் 19 பேரை வைத்து ஏழு வாரம் நடந்த ஆய்வில், 2.5 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கும் டெஸ்டோஸ்டிரோன் உயர்ந்தது, வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் உயர்ந்தது. பயிற்சி செய்த வேலைக்குப் போரான் பெயர் வாங்கப் பார்த்திருக்கிறது.

10 பிப்ரவரி

மேலே உள்ளதைப் படித்துவிட்டு என் மனைவி கேட்டார்: "நீங்கள் நவம்பரில் மாத்திரை தொடங்கியபோதுதானே மாடிப்படி ஏறுவதையும் நிறுத்தினீர்கள்?"

பதில் எழுத இன்று நேரமில்லை.

16 பிப்ரவரி

ஆம், நிறுத்தினேன். நான்கு கிலோ எடையும் குறைந்திருக்கிறது. நீண்டநாள் வலிக்கு ஏற்ற இறக்கம் இயல்பு. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் எவரும் புது மருந்தைத் தேடுகிறார்கள், உச்சத்திலிருந்து எதுவும் இறங்கத்தான் செய்யும். இந்த மூன்றில் எது என் ஒன்றரை மதிப்பெண்ணைக் குறைத்தது என்று குறிப்பேடு சொல்லாது.

எனவே ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். என் மனைவி ஒரே மாதிரியான இரண்டு டப்பாக்களில் ஒரே மாதிரியான உறைகளை நிரப்பியிருக்கிறார். ஒன்றில் என் போரான் மாத்திரை, மற்றதில் வெறும் மாவு. அ, ஆ என்று எழுதி ஒட்டியாயிற்று. எது எதில் என்பதை அவர் ஒரு தாளில் எழுதி என் கைக்கு எட்டாத இடத்தில் வைத்திருக்கிறார். மார்ச் முதல் தேதியிலிருந்து நான்கு வாரம் அ, நான்கு வாரம் ஆ. படிகளை ஏறுவதில்லை என்ற ஒழுக்கம் இரண்டுக்கும் பொது.

21 பிப்ரவரி

டப்பா நிரப்பும்போது வேறொன்று கண்ணில் பட்டது. என் பழைய டப்பாவில் "போரான் (சிட்ரேட் வடிவில்) 3 மி.கி." என்று இருந்தது, எண் தனிமத்துக்கு உரியது என்பது தெளிவு. புதிதாக வாங்கிய வேறு தயாரிப்பில் "போரான் சிட்ரேட் 60 மி.கி." என்று மட்டும் அச்சிட்டிருக்கிறார்கள். அதில் போரான் எவ்வளவு என்று நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தும் கிடைக்கவில்லை. தயாரிப்பாளருக்கு எழுதினேன், "பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு ஒன்று" என்ற வரியைத் திருப்பி அனுப்பினார்கள். அந்த டப்பாவை ஒதுக்கிவிட்டேன்.

வடிவத்தைப் பற்றியும் இங்கேயே. சிட்ரேட், கிளைசினேட், அஸ்பார்டேட், "அயனிப் போரான்" என்று பல பெயர்களில் விற்கிறார்கள். போரிக் அமிலம் மிக மென்மையான அமிலம். எளிய போரேட் உப்பு எந்தப் பெயரில் போனாலும், நம் இரத்தத்தின் காரகாடித் தன்மையில் பெரும்பாலும் போரிக் அமிலமாகவே சுற்றிவருகிறது. உட்கொண்டதில் 85 முதல் 90 விழுக்காடு உடலில் சேர்கிறது. சேர்ந்ததில் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடுகிறது. இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ 21 மணி நேரம். மேலே சொன்ன 1997ஆம் ஆண்டு ஆய்வில் கொடுத்த போரானில் 84 விழுக்காடு சிறுநீரிலேயே கிடைத்தது. விலை உயர்ந்த வடிவத்தை வாங்கினால் விலை உயர்ந்த சிறுநீர்.

5 மார்ச்

சிறுநீரக நோயுள்ள தம் அண்ணனுக்காக ஓர் அம்மா கேட்டிருக்கிறார். மேலே உள்ள பத்தியே விடை: வெளியேறும் வாசல் சிறுநீரகம் ஒன்றுதான். அது பழுதானவருக்கு 3 மில்லிகிராமும் தேங்கும். அவருடைய சிறுநீரக மருத்துவர் சொல்லாமல் தொட வேண்டாம். கருவுற்றிருப்பவர்களும் கருத்தரிக்க முயல்பவர்களும் எலிக்குட்டிகளை நினைத்து விலகியிருப்பது நல்லது. ஈஸ்ட்ரஜனால் வளரும் வகை மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ஈஸ்ட்ரஜன் உயர்ந்தது என்ற 1987ஆம் ஆண்டு முடிவைத் தம் மருத்துவரிடம் சொல்லிக் கேட்க வேண்டும். அது சிறிய ஆய்வு என்பதால் பயனை நம்பத் தயங்குகிற நான், அதே ஆய்வின் எச்சரிக்கையை மட்டும் ஏற்கிறேன். முரண்தான். ஆனால் பயனை நம்பி ஏமாந்தால் போவது பணம். எச்சரிக்கையைத் தள்ளி ஏமாந்தால் போவது வேறு.

குழந்தைகளுக்கு எந்த வடிவிலும் வேண்டாம். வாய்ப்புண்ணுக்கு வெண்காரத்தைத் தேனில் குழைத்துத் தடவுவது பழைய பழக்கம். அத்தகைய கலவையில் தோய்த்த சூப்பானைச் சப்பிய ஏழு கைக்குழந்தைகளுக்கு வலிப்பு வந்ததை 1983இல் பிரிட்டன் மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்தது. பெரியவர் உடலில் ஓடிப்போகும் அளவு அந்தச் சிறிய உடலில் தங்கிச் சேர்ந்துவிடுகிறது.

6 மார்ச்

நச்சின் அடையாளங்களைக் கேட்டதால்: வாந்தி, வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி முதலில் வரும். பின்னர் தோல் வேகவைத்ததுபோல் சிவந்து உரியலாம். மிகையானால் வலிப்பு, சிறுநீரகச் செயலிழப்பு. நீண்டநாள் உட்கொண்டால் முடி உதிர்வதும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காக்காய்வலிப்புக்கே வெண்காரத்தை மருந்தாகக் கொடுத்து வந்தார்கள். அந்த நோயாளிகளிடம் தோல் தடிப்பும் முடி உதிர்வும் காணப்பட்டன.

ஒருமுறை சிறிதளவு தவறி விழுங்கியவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை என்பதும் உண்மை. பேரச்சமும் வேண்டாம். ஆனால் குழந்தை விழுங்கியிருந்தால், எவ்வளவு போயிற்று என்று வீட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

18 மார்ச்

"நம் பாட்டன்மார் காலத்தில் வெண்காரம் உணவிலேயே இருந்தது, யாருக்கு என்ன ஆயிற்று?" என்று ஒருவர். ஒரு காலத்தில் இறைச்சியும் வெண்ணெயும் கெடாமலிருக்க அதைச் சேர்த்தது மெய்தான். என்ன ஆயிற்று என்பதையும் ஒருவர் பார்த்தார். அமெரிக்க வேளாண் துறையின் ஹார்வி வைலி, 1902இன் இறுதியில் பன்னிரண்டு இளைஞர்களை ஒரு மேசையில் அமர்த்தி, உணவோடு முதலில் சோதித்த பொருளே வெண்காரம். வெண்ணெயில் ஒளித்துவைத்தபோது அவர்கள் வெண்ணெயைத் தவிர்க்கத் தொடங்கினார்களாம். கடைசியில் உறைகளில் அடைத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. அளவு ஏற ஏறப் பசியின்மை, தலைவலி, வயிற்றுக் கோளாறு. இன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் உணவில் அதற்கு எஞ்சியிருக்கும் ஒரே இடம் மீன்முட்டைப் பதார்த்தமான கேவியர்.

2023 கோடையில் வெண்காரம் குடிக்கும் காணொளிகள் டிக்டாக்கில் பரவியபோது, அமெரிக்க நச்சுத் தகவல் மையங்கள் எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. நூற்றிருபது ஆண்டுக்குப் பின் அதே மேசை. இம்முறை வெண்ணெயும் இல்லை, வைலியும் இல்லை.

30 மார்ச்

அ முடிந்தது. சராசரி 3.9. இன்று முதல் ஆ.

28 ஏப்ரல்

ஆ முடிந்தது. சராசரி 3.8. தாளைத் திறக்கும் முன் என் ஊகத்தை இங்கே எழுதிவைக்கிறேன்: ஆ என்பதுதான் போரான். காலையில் எழும்போது முழங்காலின் இறுக்கம் தளர்ந்திருந்ததை இரண்டாம் வாரத்திலேயே உணர்ந்தேன். உறுதியாகச் சொல்வேன்.

28 ஏப்ரல், அரைமணி கழித்து

ஆ என்பது மாவு.

4 மே

சில நாள் யோசித்தபின். என் சோதனையிலும் ஓட்டை உண்டு. இரத்தத்திலுள்ள போரான் சில நாளில் போய்விடும். எலும்பில் சேர்ந்தது அப்படிப் போகாது. நவம்பர் முதல் எடுத்து வந்தவனுக்கு ஆ டப்பா ஓடிய நான்கு வாரத்தில் பழைய சேமிப்பு கைகொடுத்திருக்கலாம். போரான் நம்பிக்கையாளர் ஒருவர் இதை எழுதினார். மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அதேபோல் அந்த இளகிய காலைகளுக்கு மாவைத் தவிர வேறு காரணம் காட்ட அவரிடமும் ஒன்றும் இல்லை.

மாத்திரையை நிறுத்திவிட்டேன். 3 மில்லிகிராமால் தீங்கு வரும் என்ற அச்சத்தால் அன்று. பயன் எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். 6 மில்லிகிராமில் தெரிந்திருக்குமோ என்ற எண்ணம் அவ்வப்போது வருகிறது; 1990இன் அளவு அதுதானே. வரட்டும்.

17 ஜூலை

முதலில் கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். பொட்டலம் சலவை அலமாரிக்கே போய்விட்டதாம். இயன்முறை மருத்துவர் சொல்லிக்கொடுத்த தொடைத் தசைப் பயிற்சியைச் செய்கிறாராம்; படிகளில் இறங்குவது சற்று எளிதாகியிருக்கிறதாம். (இதையும் சோதிக்க இரண்டு டப்பா வேண்டும், ஆனால் பயிற்சியை உறையில் அடைக்க முடியாது.) உணவிலிருந்தே போரான் பெற வழி உண்டா என்று கேட்டிருக்கிறார்.

உண்டு. உலர்திராட்சை ஒரு சிறு கைப்பிடி, சுமார் 40 கிராம், கிட்டத்தட்ட 1 மில்லிகிராம் தரும். ஆப்பிள் ஒன்றில் 0.66. அரைக் கோப்பை வெண்ணெய்ப் பழத்தில் ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல். நிலக்கடலை, பயறு வகைகளிலும் உண்டு. பாலிலும் காப்பியிலும் மிகக் குறைவு, ஆனால் குடிக்கும் அளவு மிகுதியாதலால் அமெரிக்கர்களின் போரானில் அவற்றுக்கும் நல்ல பங்கு. பெரியவர்கள் பலர் நாளொன்றுக்கு 1 முதல் 1.5 மில்லிகிராம் வரை எப்படியும் பெற்றுவிடுகிறார்கள். குடிநீருக்கு உலக நலவாழ்வு நிறுவனம் வைத்திருக்கும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 2.4 மில்லிகிராம், நிலத்தடி நீரில் போரான் மிகுந்த இடங்களில் அந்தக் கணக்கையும் சேர்க்க வேண்டும்.

உங்களுக்குச் சர்க்கரை நோய் இருந்தால் உலர்திராட்சையைக் கைப்பிடிக் கணக்கில் தின்னாதீர்கள். அதற்கும் ஒரு கரண்டி, டம்ளர் தகராறு உண்டு.

18 ஜூலை

மேலே "கைப்பிடி" என்றது என் மனைவியின் கையை. என் கையில் 65 கிராம் வருகிறது. தராசில் வைத்துப் பார்த்துவிட்டேன்.